எங்க ஊர்லேந்து போன ஒரே ஆளு

மாட்டுக்கு வெக்கை நோவு வந்து எங்க ஊர்ல பாதிக் கொட்டாய் காலியாப் போச்சு பாருங்க, அதுக்கு மறு வருஷம் நடந்தது இது. வெள்ளக்காரன் இன்னும் கெளம்பல, கெளம்பப் போறான்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. எங்க ஏர்மாடு ரெண்டுல ஒண்ணு செத்துப் போயி, பெரியாயி வூட்டு மாட்டை எரவல் வாங்கித்தான் அந்த வருஷம் நான் காடு ஓட்டுனேன். அதனால எனக்கு வருஷம் மறக்காது. அந்த மாடு ஒரு பக்கமாவே இழுக்கும். சாலு கோணலாப் போவும். பெரியாயிகிட்ட சொன்னா, "அது எம் புருசன் பழக்குன மாடுடா, அந்தாளே கோணலாத்தான் நடப்பாரு"ன்னு சொல்லும்.

பெரியாயின்னா சொந்தப் பெரியப்பா பொண்டாட்டி இல்ல. எங்க தெருக் கோடியில இருந்துச்சு. எங்கப்பாவுக்கு ஏதோ வகையில அண்ணி. பேரு இருந்துச்சு, நல்ல பேரு. நான் சொல்ல மாட்டேன். சொன்னா "தோ வந்துட்டேன்"னு வந்து நின்னுருமோன்னு ஒரு பயம். சிரிக்காதீங்க. அது அப்படித்தான். யாரு கூப்பிட்டாலும் வந்துரும்.

"இரு, சோறு வடிச்சுட்டு வரேன்", "நாளைக்குப் பாக்கலாம்" இந்தப் பேச்செல்லாம் அதுகிட்ட கெடையாது. நீங்க வாசல்ல நின்னு பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு வெளிய வந்துரும். எங்க தெருப் பயலுவ வெளையாட்டுக்குப் புளியமரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டு கூப்புடுவானுங்க. வந்து மரத்தடியில நின்னு அண்ணாந்து பாக்கும்.

"என்னடா?"

"சும்மா பெரியாயி."

"சரி. சும்மாவுக்கும் ஒரு ஆளு வேணும்ல."

திட்டாம திரும்பிப் போயிரும். மறுநாள் கூப்பிட்டாலும் வரும். அவனுங்களுக்கே சலிச்சுப் போயி விட்டுட்டானுங்க.

ஒரு தடவ பெரம்பலூர் கோர்ட்டுலேந்து சாட்சிக்கு சம்மன் வந்துச்சு. யாரோ ரெண்டு பேரு வரப்புத் தகராறு, பெரியாயிக்கு ஒரு சம்மந்தமும் இல்ல. அந்த வழியா போனப்ப பாத்துச்சாம், அவ்வளவுதான். ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, "போவாத, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு"ன்னு. "எனக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு"ன்னு சொல்லிட்டு, கம்மஞ்சோத்த உருட்டித் துணியில கட்டிக்கிட்டு நடந்தே போச்சு. வாய்தா தள்ளிப் போச்சுன்னு அனுப்பிட்டாங்க. மறுபடி போச்சு. மறுபடி தள்ளிப் போச்சு. மூணாவது தடவ போனப்ப அந்த ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களாம். திரும்பி வந்து சொல்லுது, "நல்லதுதான், ஆனா எம் பேர அந்த டவாலிச் சேவகன் கூப்பிட்டான் பாரு, மூணு தடவ, கணீர்னு. எங்கப்பன் வச்ச பேரு கோர்ட்டு முழுக்கக் கேட்டுச்சு."

பெரியாயியோட வரப்ப ஓட்டி ஓட்டி ரெண்டு சாலு நெலத்தை முழுங்குன பங்காளி ஒருத்தரு இருந்தாரு. அவரு செத்தப்ப ஊரே பாத்துச்சு, இது போவுமா போவாதான்னு. மொத ஆளாப் போயி உக்காந்து அழுதுச்சு. "அவன் கூப்பிடலயே பெரியாயி"ன்னு நான்தான் நக்கலாக் கேட்டேன். "சாவு கூப்பிட்டுச்சுல்ல"ன்னு சொல்லுச்சு. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. வாயி நெறய இருந்த வயசு.

பெரியாயி புருசன் போன விதத்தயும் சொல்லிடறேன். எங்க ஊரு குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவுல. ஆஸ்பத்திரின்னா அரியலூர்தான். அரியலூர் போற வழியில ஒரு ஓடை குறுக்க ஓடும். சித்திரையில பாத்தா கோழி தாண்டும். ஐப்பசியில யானையைப் பொரட்டும். அந்தாளுக்குப் பாம்பு கடிச்சது ஐப்பசியில. கட்டில்ல தூக்கிக்கிட்டுப் போனவங்க, தண்ணி வடியட்டும்னு கரையில எறக்கி வச்சுக்கிட்டு அரை நாள் உக்காந்திருந்தாங்க. தண்ணி வடியறப்ப அவரு இல்ல. அன்னையிலேந்து பெரியாயி மனசுல ஒரே ஒரு சங்கதிதான். அந்த ஓடைக்கு ஒரு பாலம். தலையாரிகிட்ட கேக்கும், ரெவின்யூ ஆபீசர் வந்தா கேக்கும், வளையல் செட்டியாரு வந்தாக்கூட "உங்க ஊர்ப் பக்கம் பாலம் போட்டாங்களா? யாருகிட்ட கேட்டாங்க?"ன்னு விசாரிக்கும்.

அப்பத்தான் ஜில்லா போர்டு எலக்‌ஷன் வந்துச்சு. ரோடு, பாலம், ஆஸ்பத்திரியெல்லாம் அப்ப ஜில்லா போர்டு கையில. இப்ப மாதிரி எல்லாருக்கும் ஓட்டு கெடையாது. நெலத்துக்குக் கிஸ்தி கட்டுறவங்களுக்குத்தான். எங்க ஊர்ல அப்படி நாப்பது பேரு இருந்தா அதிகம். எங்கப்பா அதுக்கு முந்தின வருஷம் போயிட்டதால எம் பேரு ஏறிருச்சு. பொம்பளையில பெரியாயி ஒண்ணுதான், புருசன் நெலம் அது பேருக்கு மாறுனதால. படிப்பு இல்லாத சனம் ஓட்டுப் போடணுமே, அதுக்காக ஆளுக்கு ஒரு கலர் பெட்டி வப்பாங்க. இவங்க நீலப் பெட்டி, அவங்க மஞ்சப் பெட்டின்னு. சீட்ட வாங்கி நமக்குப் புடிச்ச பெட்டியில போடணும்.

நீலப் பெட்டிக்காரரு அரியலூர்ல நெல்லு மண்டி வச்சிருந்தவரு. பெரியாயி மாட்டுச் சந்தைக்குப் போனப்ப அவரையே நிறுத்திக் கேட்டுச்சு. "ஐயா, நீங்க ஜெயிச்சா எங்க ஓடைக்குப் பாலம் போடுவீங்களா?" அந்தாளு மழுப்பல. "எடத்தைக் காட்டும்மா"ன்னு வந்து பாத்துட்டு, "இந்த எடம்தான், மொத வேலை இதுதான்"னு சொல்லிட்டுப் போனாரு. மஞ்சப் பெட்டிக்காரரு தெக்க ஒரு பெரிய பண்ணை. அவருக்கு எங்க ஓடை எங்க இருக்குன்னே தெரியாது.

இப்பத்தான் எங்க புத்தி கெட்டுப் போன எடம் வருது.

எங்க ஏரிக்கரை ஐயனாருக்கு மூணு ஊரு சேந்து பொங்க வப்போம். அதுல மொத வெத்தல பாக்கு எங்க ஊருக்கு. அப்புறம்தான் கெழக்குப் பக்கத்து ஊருக்கு, அதுக்கப்புறம் மூணாவது ஊருக்கு. எந்தக் காலத்துல எவன் எழுதுனானோ, அப்படித்தான். கல்யாணமா இருந்தாலும், கருமாதியா இருந்தாலும் அந்த வரிசை மாறக்கூடாது. நீலப் பெட்டிக்காரரு ஓட்டுக்கு மொறயா அழைக்கணும்னு தட்டுல வெத்தல பாக்கு வச்சு ஆள அனுப்பினாரு. மரியாதையான மனுசன். ஆனா வந்தவன் டவுன் ஆளு. கெழக்குப் பக்கமா வண்டியில வந்தவன், வழியில மொதல்ல வந்த ஊர்ல தட்ட நீட்டிட்டு, அப்புறம் எங்க ஊருக்கு வந்துட்டான்.

ஐயனார் கோயில் வேப்பமரத்தடியில கூடினோம். பெரியவங்கள்லாம் மொதல்ல சாதாரணமாத்தான் இருந்தாங்க. "தெரியாம செஞ்சுட்டான், விடுங்கப்பா"ன்னு ஒருத்தரு சொல்லக்கூட செஞ்சாரு. நான்தான் எழுந்தேன். "அவனுங்களுக்கு வச்ச எச்ச வெத்தலய நாம வாங்கறதா? நாளைக்கு ஐயனாருக்கு மொத பொங்கல் நாங்கதான்னு அவனுங்க வந்து நிப்பானுங்க, அப்ப என்னா சொல்லுவீங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். கூட்டம் சூடாயிருச்சு. நீலத்துக்கும் கெடையாது, மஞ்சளுக்கும் கெடையாது, எங்க ஊரு போவாதுன்னு முடிவாச்சு. என் முதுகுல தட்டிக் குடுத்தாங்க. ஒரு பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

பெரியாயி கூட்டத்துக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. பொம்பள பேசக்கூடாத எடம். ஆனா பேசுச்சு.

"ஏன்டா கலியா, வெத்தல வக்காட்டி வர மாட்டீங்களா?"

"மொற இருக்குல்ல பெரியாயி."

"எனக்கு இந்த ஊர்ல எவன்டா வெத்தல வச்சான்? நான் தாலி அறுத்தவ. பதினோரு வருஷமா ஒரு கல்யாணத்துல ஒரு வெத்தல எங் கையில குடுத்திருக்கீங்களா? நான் வராம இருந்தேனா? பந்திக்கு எல எடுக்கலயா, பாத்திரம் வெளக்கலயா?"

ஒரு பெருசு, "அது வேற, இது வேற, நீ வூட்டுக்குப் போம்மா"ன்னுச்சு. போயிருச்சு.

ஓட்டுப் போடற அன்னைக்கு மாசி மாசக் கடைசி. பருத்தி எடுத்து முடிஞ்சுருச்சு, வேலைன்னு சொல்லிக்கக்கூட ஒண்ணும் இல்ல. நீலப் பெட்டிக்காரரு மாட்டு வண்டி அனுப்பியிருந்தாரு. ஊர் எல்லையிலயே மறிச்சுத் திருப்பி விட்டுட்டோம். அதுக்கு முந்தியே பெரியாயி கெளம்பிருச்சு. பெட்டி வச்சிருந்த பள்ளிக்கூடம் அஞ்சு மைலு. நடந்தே.

அங்க நடந்ததை எங்க ஊர்த் தலையாரி பின்னாடி எங்கிட்ட சொன்னாரு. அவரு அன்னைக்கு அந்தப் பள்ளிக்கூட வாசல்ல டூட்டி. பெரியாயி வரிசையில நிக்குது. உள்ளேந்து பேரு கூப்புடறாங்க. எங்க ஊர்ப் பேரு. எங்க ஊர்ல இருக்கவங்க பேரு. ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தன் "இருக்கேன் சார்"னு போறான். எவனும் எங்க ஊரு இல்ல. எல்லாம் மஞ்சப் பெட்டிக்காரரு பண்ணை ஆளுங்க. நாங்க வர மாட்டோம்னு சேதி தெரிஞ்சதும் பேருங்களப் பங்கு போட்டுக்கிட்டானுங்க. ஆள அடையாளம் சொல்ல உக்காந்திருந்த கணக்கப்பிள்ளை ஆமா ஆமான்னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாராம்.

எம் பேரு வந்துச்சாம். அப்பன் பேரோட. ஒரு மீசைக்காரன் போனானாம். பெரியாயி வரிசைய விட்டு உள்ள போயி அவன் கையப் புடிச்சுருச்சு.

"இவன் கலியபெருமாள் இல்ல. அவன் பொறந்தப்ப தண்ணி ஊத்துனவ நான். அவனுக்கு மீசையே சரியா மொளைக்கல."

எல்லாரும் சிரிச்சாங்களாம். ஆபீசர் நல்ல மனுசன்தான் போல. "அம்மா, அப்ப நெசமான ஆளு எங்க?"

"ஊர்ல இருக்கான்."

"ஊர்ல இருந்தா நான் என்னா பண்ண முடியும்? அவங்க வந்து நின்னு, நான்தான்னு சொன்னா நான் விசாரிக்கலாம். அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திருவோம். நீ மொதல்ல உன் ஓட்டப் போட்டுட்டுப் போ."

"நான் போட்டுட்டா, நடந்ததெல்லாம் சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் சார். அவனுங்களக் கூட்டியாந்துட்டு போடறேன்."

அந்த மாசி வெயில்ல அஞ்சு மைலு திரும்பி வந்துச்சு.

எங்க தெருவுல நுழையறப்ப உச்சி சாஞ்சிருச்சு. தெருவுல வெளிய இருந்தவங்கள்லாம் பெரியாயி வர்றதப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா உள்ள போயிட்டாங்க. நானும்தான். சாப்பிட்டுட்டு வாசல்ல பாக்கு வெட்டிக்கிட்டிருந்தவன், எழுந்து உள்ள போயி கட்டில்ல படுத்துக்கிட்டேன். எனக்கு அப்பத்தான் கல்யாணமாயி ஏழெட்டு மாசம். வூட்டுக்காரிகிட்ட, "ஊர்ல இல்லன்னு சொல்லு"ன்னேன். அவ என்னை ஒரு பார்வ பாத்தா.

ஒவ்வொரு வூடா கூப்பிட்டுக்கிட்டே வந்துச்சு. பேரச் சொல்லி. அப்பன் பேரயும் சேத்து, அந்த ஆபீசர் கூப்பிட்ட மாதிரியே. ஒரு வூட்லயும் சத்தமில்ல. எங்க வாசல்லயும் நின்னுச்சு.

"கலியா! கலியபெருமாளு!"

தொண்ட கம்மிப் போயிருந்துச்சு. வூட்டுக்காரி போயி நின்னா.

"அவரு ஊர்ல இல்ல பெரியாயி."

எங்க வூட்டுச் செவுரு ஒண்ணும் பெரிய செவுரு இல்ல, பெரியாயி மூச்சு வாங்கறது எனக்குக் கேக்குது.

"ஊர்ல இல்லயா. சரிதான். அங்க ஒருத்தன் கலியபெருமாள்னு நிக்கிறான்ம்மா. நான்தான் அவன் இல்லன்னு சண்ட போட்டுட்டு வந்தேன். அப்ப அவனாத்தான் இருக்கும் போல."

தண்ணி கேட்டுச்சு. வூட்டுக்காரி சொம்புல குடுத்தா. குடிச்சுட்டு, அடுத்த வூட்ல போயி கூப்பிட்டுச்சு. தெருவு முச்சூடும் முடிச்சுட்டு, தனியா மறுபடி அஞ்சு மைலு நடந்துச்சு. அது போயிச் சேரறப்ப கதவைச் சாத்தி, பெட்டிங்களுக்கு அரக்கு வச்சுக்கிட்டிருந்தாங்களாம். ஆபீசரு, "நேரம் ஆயிருச்சும்மா"ன்னாராம். "ஆமாங்க, ஆயிருச்சு"ன்னு சொல்லிட்டு வாசப்படியில உக்காந்துருச்சாம்.

ஆக, கணக்குப்படி எங்க ஊர்ல எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சு. கட்டில்ல படுத்திருந்த நான் போட்டிருக்கேன். ரெண்டு தடவ போயி வந்த பெரியாயி மட்டும் போடல.

மஞ்சப் பெட்டி ஜெயிச்சுச்சு. கொஞ்ச ஓட்டுதான் வித்தியாசம். எங்க ஊரு ஓட்டு அப்படியே நீலத்துக்கு விழுந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்னு பெரம்பலூர்ல டீக்கடையில உக்காந்து பேசிக்கிட்டாங்க, நான் காதால கேட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் ரொம்பக் கேவலம். ஜெயிச்சவரு ஆளு தட்டு நெறய வெத்தல பாக்கு, வாழப்பழத்தோட வந்தான். நேரா எங்க ஊருக்கு, மொதல்ல எங்க ஊருக்கு. "உங்க ஊரு ஓட்டு ஒண்ணு பாக்கியில்லாம எங்களுக்குத்தான். ஒரே ஒரு பொம்பளதான் தகராறு"ன்னு சிரிச்சான். ஒருத்தராவது, "நாங்க வரவே இல்லயேடா"ன்னு கேட்டிருக்கணும். கேக்கல. வரிசை சரியா இருந்துச்சுல்ல. வாங்கிக்கிட்டோம். எனக்கும் ஒரு கவுளி வெத்தல குடுத்தான். நான் போட்டு மென்னேன். வாய் செவந்துச்சு. பெரியாயி சாணிக் கூடையோட அந்தப் பக்கமா போனப்ப வாயத் தொடச்சுக்கிட்டேன்.

ஜில்லா போர்டு அந்த வருஷம் பாலம் போட்டுச்சு. தெக்க, அவரு பண்ணைக்குப் போற வாய்க்கா மேல. ஒரு ஆளு எட்டித் தாண்டற வாய்க்கா.

அந்த ஐப்பசியில என் வூட்டுக்காரிக்கு நோவு கண்டுச்சு. மொதப் பிரசவம். விடிஞ்சதுலேந்து பொறக்கல. ஊர் மருத்துவச்சி கைய விரிச்சுட்டா, "குறுக்கால கெடக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு"ன்னா. மழையோ மழை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்த நேரத்துல ஊர்ல அத்தனை வூடு இருக்க, நான் எங்க ஓடினேன்னு நெனைக்கிறீங்க? தெருக் கோடிக்குத்தான். வாசல்ல நின்னு, "பெரியாயி"ன்னு ஒரு தடவ கூப்பிட்டேன். ரெண்டாவது தடவ கூப்பிட விடல. கோணிய மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு வந்துருச்சு. "நட"ன்னுச்சு. வேற ஒரு வார்த்த இல்ல.

கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கினோம். ஓடைக்கரைக்கு வந்தா, செவப்பா, மரத்தோட மட்டையோட பொரண்டுக்கிட்டு ஓடுது. எறங்கினா எல்லாரும் போயிருவோம். கரையில கட்டிலை எறக்கி வச்சோம். எங்க எறக்குனோம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பெரியாயி அந்த எடத்தைப் பாத்துச்சு, அப்புறம் பாக்கல. மத்தியானத்துக்கு மேல, மழையிலயே, அது கையாலதான் புள்ளய எடுத்துச்சு. ஆம்பளப் புள்ள. சத்தம் போடல. பெரியாயி குப்புறப் போட்டு முதுகத் தட்டிப் பாத்துச்சு, வாயில ஊதிப் பாத்துச்சு. ரொம்ப நேரம். அப்புறம் தன் முந்தானையக் கிழிச்சு அதைச் சுத்தி எங் கையில குடுத்துச்சு.

"தாயி பொழச்சுட்டா. அவளப் பாரு."

நான் அப்பச் சொல்ல வாயத் தெறந்தேன். "பெரியாயி, அன்னைக்கு நான் வூட்லதான்..."

"தெரியும்டா. உன் செருப்பு வெளிய கெடந்துச்சு. அவளுக்குக் குளிருது, உன் துண்டைக் குடு."

அதுக்கு மேல ஆயுசுக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. முன்ன மாதிரியே கூப்பிட்டா வந்துச்சு. எனக்குத்தான் அதுக்கப்புறம் கூப்பிட வாய் வரல. மாடு எரவல் கேக்கக்கூட வேற ஆள அனுப்புவேன். எல்லாருக்கும் ஓட்டுன்னு சுதந்திரத்துக்கப்புறம் பெரிய எலக்‌ஷன் வந்துச்சே, அதப் பாக்க பெரியாயி இல்ல. அதுக்கு முந்தின வருஷமே போயிருச்சு. நான் அதுலேந்து எல்லா எலக்‌ஷனுக்கும் போறேன். மொத ஆளாப் போறேன். அதனால எதுவும் கழியல. வரிசையில நிக்கிறப்ப எம் பேரக் கூப்பிட்டா இன்னமும் எனக்குக் காது அடைக்குது.

எங்களுக்கு அதுக்கப்புறம் நாலு புள்ளைங்க பொறந்து, பேரன் பேத்தியெல்லாம் ஆளாயிட்டாங்க. வூட்டுக்காரி போயி ஆறு வருஷமாவுது. ஒரே ஒரு தடவ, அதுவும் வயசான காலத்துல, கம்பு பொடச்சுக்கிட்டிருந்தவ எதையோ நெனச்சுக்கிட்டு, "என்னைப் பொய் சொல்ல வச்சுட்டு நீங்க படுத்துக்கிட்டீங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

எங்க வூட்ல மூத்த புள்ள ஒண்ணு போச்சுன்னு புள்ளைங்களுக்குத் தெரியும். மழையில போச்சு, ஓடை வெள்ளத்துல போச்சுன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். அவங்களும் அதயே அவங்க புள்ளைங்களுக்குச் சொல்றாங்க. நீங்க திரும்பிப் போற வழியில எம் பெரிய மவன் கடை இருக்கு, குன்னம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. எறங்கி அவன்கிட்ட சொல்லுங்க. மழை இல்ல, உங்கப்பன்தான்னு சொல்லுங்க. அவன் புள்ளைங்களுக்கும் சொல்லச் சொல்லுங்க. நான் உசுரோட இருக்கறப்பயே சொல்லிருங்க. செத்தப்புறம் சொன்னா எல்லாரும் மன்னிச்சுருவாங்க.